சிங்கத்தின் ஜன்னல்

இத்தனை காலம் என் ஆண்பிள்ளைத்தனத்தைக் கட்டிக் காத்தது ஒரு மரம். கூடத்து ஜன்னலுக்கு வெளியே, இலைக்கு இலை யானைக்காது அகலத்தில் நின்றது. ஒயருக்கு இடைஞ்சல் என்று கரண்ட் ஆபீஸ்காரர்கள் ஒரு காலையில் அதை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். மொட்டை மரத்துக்கு, மானம் போனது எனக்கு.

விஷயம் இதுதான். எதிர்வீட்டு ரிடையர்டு கண்டக்டர் முதல் தெருக்கோடி வரை எனக்குப் பெயர் சிங்கம். நான் உறுமினால் வீட்டில் மிக்ஸிகூட நின்றுவிடும் என்பது நானே பரப்பிய புகழ். ஆனால் பொழுது சாய்ந்ததும் அந்தச் சிங்கம் பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு, அதே ஜன்னலோர மேஜையில் மறுநாளைக்குக் காய் நறுக்கும். இது கண்டக்டர் கண்ணில் பட்டால் என் கதி?

"கனமா ஒரு ஸ்கிரீன் போட்டுடலாம்," என்றேன் மனைவியிடம்.

"போட்டா பகல்லயே லைட்டு வேணும். நான் ஊசில எப்படி நூல் கோக்கறது?"

"அப்ப மெல்லிசா?"

"மெல்லிசுல எல்லாம்தான் தெரியுமே. ரெண்டும் மாட்டலாங்க. பகல்ல மெல்லிசு, ராத்திரி கனம். இழுத்து விட்டாப் போதும்."

சரியான யோசனை. ஆகவே நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"இந்த விஷயத்துல நான் வெச்சதுதான் சட்டம்."

கடையில் ஒரு ஃபிலிம் காட்டினார்கள். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினால் வெளிச்சம் உள்ளே வரும்; வெளியே நிற்பவனுக்கு அவன் மூஞ்சிதான் தெரியும். மாதிரிக் கண்ணாடி முன் நின்று மீசையை முறுக்கிப் பார்த்தேன். பின்னால் என் மனைவி கடைக்காரரிடம் ஏதோ கேட்டாள். அவரும் ஏதோ சொன்னார்.

"இதையே ஒட்டிடுங்க," என்றாள். அத்தனை சுலபமாக அவள் தலையாட்டியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒட்டிய அன்று பகல் முழுக்கக் கொண்டாட்டம். கண்டக்டர் எங்கள் ஜன்னல் முன் நின்று தலை வாரினார். உள்ளிருந்து நாக்கைத் துருத்தினேன். அவர் வகிடைச் சரிசெய்துகொண்டார்.

இருட்டியதும் விளக்கைப் போட்டு, ஏப்ரன் கட்டி உட்கார்ந்தேன். இப்போது கண்ணாடியில் நானே தெரிந்தேன். சும்மா விடுவானேன்? எழுந்து விரலை நீட்டி, கண்ணை உருட்டி, "இந்த வீட்ல யாரு ராஜா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கர்ஜித்துப் பழகினேன்.

மனைவி வந்து ஒரு பீன்ஸைத் தூக்கிக் காட்டினாள். "நார் இருக்கு."

ராஜா உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி உரித்தார்.

மறுநாள் வாசலில் கண்டக்டர். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"என்ன சிங்கம், பீன்ஸ்ல நார் எடுத்தாச்சா?"

"எ... எந்த நாரு?"

"யோவ், உள்ள லைட்டு எரிஞ்சா ராத்திரில அந்தக் கண்ணாடி தலைகீழாயிடும்யா. தெருவே நின்னு பாத்தோம். ஏப்ரன்ல எத்தனை பூன்னு சொல்லட்டுமா?" மூக்கை உறிஞ்சினார். "சிங்கமே நறுக்குது, உங்களுக்கென்ன கேடுன்னு என் வீட்டுக்காரி கத்தியக் கையில குடுத்துட்டா. நேத்து எனக்கு வெங்காயம்."

நான் ஃபிலிம் ஒட்டவில்லை, படமே ஓட்டியிருக்கிறேன். உள்ளே பாய்ந்தேன்.

"ராத்திரில வெளிய தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"கடைக்காரர்கிட்டக் கேட்டேனே. நீங்கதான் மீசையோட இருந்தீங்க."

"சொல்றதுக்கென்ன?"

"சட்டத்துக்கு எதிரா நான் எப்படிங்க பேசறது?"

"சரி தாயே. நீ சொன்ன மாதிரியே ரெண்டு ஸ்கிரீனும் மாட்டு. இன்னிக்கே."

"மாட்டலாம்தான். நம்ம தெரு அக்காங்கதான் வேண்டாங்கறாங்க. நாலு வீட்ல ஆம்பளைங்க இப்பத்தான் கத்தியத் தொட்டிருக்காங்களாம். இப்பப் போய் மறைச்சா விட்டுடுவாங்களாம்."

அவள் பையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"கோடி வீட்டு அக்காவுக்கு மட்டும் அவ்வளவு தூரத்துலேருந்து சரியாத் தெரியலையாம். நல்ல பெரிய பல்பா ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன். தெருவில் கைதட்டல் கேட்டது.