நான் கட்டிக்கொடுக்கும் பேருந்து நிழற்குடை

நெதர்கோம்ப்,
14 அக்டோபர் 2017

அன்புத் தங்கை லெட்டிஸுக்கு,

அண்ணன் ஆப்ரி எழுதுவது. இங்கே நானும் மியூரியலும் முழங்கால்கள் நீங்கலாக நலம். அங்கே நீ முழங்கால்கள் உட்பட நலமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

எங்கள் தோட்டத்துக் கோடியில் கட்டப்போகும் சிறிய வீட்டில், நீ வந்து தங்கும்போது வெயில் காய ஒரு கண்ணாடி அறை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அந்த அறை போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் மாவட்ட மன்றம் ஒரு கட்டணம் வாங்குகிறது. ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். வகுப்பில் புதுப்பிள்ளை ஒன்று சேர்ந்தால் இன்னொரு நாற்காலி வேண்டும் அல்லவா, அதுபோல ஊரில் புதுவீடு வந்தால் சாலை, வடிகால், பள்ளி எல்லாம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அதற்கான காசு. ஆனால் தன் வீட்டைத் தானே கட்டிக் குடியிருப்பவருக்கு விலக்கு உண்டு. எனக்கும் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: வேலை தொடங்குமுன் 'தொடங்கப் போகிறேன்' என்று எழுதித் தெரிவிக்க வேண்டும். பேசுவதற்கு முன் கை தூக்கு என்று முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். அப்படிப்பட்டவன் பேசிவிட்டுக் கை தூக்கினேன்.

நடந்தது இதுதான். செப்டம்பர் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை முதல் மண் வெட்டும் வைபவம் வைத்தோம். அக்கம்பக்கத்தார் வந்தார்கள், மியூரியல் எலுமிச்சை கேக் செய்திருந்தாள், தூறல் போட்டது, எல்லாரும் குடைக்குள் நின்று தேநீர் குடித்தார்கள், நான் கோட்டும் டையுமாக மண்வெட்டியால் ஒரு பிடி புல் பெயர்த்தேன், கை தட்டினார்கள். ஊர் மன்றச் செயலர் பெரில் ஆக்கண்டன் படம் பிடித்தாள். அவள் என்னிடம் படித்தவள், அரைகுறையாக எதையும் செய்யமாட்டாள். ஊர்ச் செய்திமடலில் படத்தைப் போட்டு, 'டில்லட்சன் இல்லக் கட்டுமானம் தொடங்கியது' என்று தேதியோடு எழுதி, வழக்கம்போல மாவட்ட மன்றத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டாள். நான் கடிதத்தைத் தபாலில் போட்டது திங்கட்கிழமை. அவர்கள் இரண்டு தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்து, விலக்கு ரத்து, பதினாலாயிரம் பவுண்டு கட்டவும் என்று எழுதிவிட்டார்கள்.

பெரில் வீட்டுக்கே வந்துவிட்டாள். "சார், நான்தான் கெடுத்தேன். தேதி போடாம இருந்திருக்கலாம்."

"தேதி போடாத வீட்டுப்பாடத்துக்கு நானே மார்க் குறைச்சிருப்பேன். அழாதே, உட்காரு."

"ஆனா ஒண்ணு இருக்கு சார். சொன்னா திட்டக்கூடாது. அந்தப் பணத்துல கால் பங்கு நம்ம ஊருக்கு வரும். நம்ம ஊர்ல யாரும் எதுவும் கட்டி பதினோரு வருஷமாச்சு."

"கால் பங்கு எதுக்கு?"

"பஸ் ஸ்டாப்புக்கு. ஐவி திரப் மழையில நிக்கறாங்களே."

ஐவியை உனக்குத் தெரியாது. சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க நகரத்து மருத்துவமனைக்குப் பேருந்தில் போகிறவள். ஒரு கம்பமும் ஒரு தகரப் பலகையும்தான் எங்கள் பேருந்து நிறுத்தம். நடுக்கத்தோடு அவள் அங்கே நிற்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல எத்தனையோ நாள் கடந்து போயிருக்கிறேன்.

போன செவ்வாய் ஊர்க்கூட்டத்தில் சண்டை போடும் எண்ணத்தோடுதான் போய் உட்கார்ந்தேன். பெரில் எழுந்து, நிழற்குடைக்குப் பணம் வருகிறது, உபயம் டில்லட்சன் சார் என்றாள். பின்வரிசையில் ஒருவர், "கிழவர் வேணும்னே முந்தி வெட்டியிருக்கார்யா. கணக்கு வாத்தியார் தப்புப் பண்ணுவாரா?" என்றார். மறுத்துச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் ஐவி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உட்கார பெஞ்சும் உண்டா வாத்தியாரே?"

"முதுகு சாயற பெஞ்சு" என்றேன். யார் சொல்லச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

லெட்டிஸ், நல்லாசிரியர் சான்றிதழ் வாங்கிய அன்றுகூட நான் இப்படி நிமிர்ந்து நடந்ததில்லை. இப்போது தினமும் அளவு நாடாவோடு அங்கே போய் நிற்கிறேன். பேருந்து ஓட்டுநர் நான் ஏறப்போகிறேன் என்று நிறுத்திவிட்டுத் திட்டுகிறார். உன் அண்ணன் செய்த ஒரே பிழை ஒரு கூரையாகப் போகிறது. கண்ணாடி அறை போனதற்காக என்னை மன்னித்துவிடு.

நல்ல குளிர்காலமும் நல்ல விறகும் உனக்கு வாய்க்கட்டும். மியூரியல் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
ஆப்ரி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை தபால் வந்துவிட்டது. மாவட்ட மன்றம் மறுபடி எழுதியிருக்கிறது. படத்துக்காகப் புல் பெயர்ப்பது கட்டுமானம் ஆகாதாம். அஸ்திவாரப் பள்ளம் தோண்டினால்தான் தொடக்கமாம். ஆகவே விலக்கு அப்படியே இருக்கிறது, ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டாம், வருந்துகிறோம் என்கிறார்கள். என் தொடக்கக் கடிதமும் செல்லாதாம். பள்ளம் தோண்டுமுன் புதிதாக ஒன்று அனுப்பவும் என்று படிவம் வைத்திருக்கிறார்கள். மியூரியல் வாங்கிப் படித்தாள். "ஐவிகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் போகமாட்டேன்" என்றாள். நான் ஐவியிடம் போகவில்லை, தொலைபேசியிடம் போனேன். இயந்திரம் வைத்துப் பள்ளம் தோண்டும் கஸ்ஸைக் கூப்பிட்டேன். அரை மணியில் வந்துவிட்டான்.

"தொடங்கறோம்னு எழுதிப் போட்டுட்டீங்களா சார்? போடாம தோண்டினா பணம் கட்டச் சொல்லுவாங்க."

"நாளைக்குப் போடறேன். நீ ஆழமாத் தோண்டு" என்றேன். மியூரியல் அவனுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருக்கிறாள். பெரிலுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், தேதியோடு படம் எடுக்க.