மூணாம் ஓலை

"ஓலை வேண்டாம் தங்கச்சி. கேக்குறவன் பனை ஓலைன்னு நெனச்சிருவான்" என்றான் மியூசிக் டைரக்டர் ஃபிராங்க்ளின்.

விஜிலாவுக்குச் சுள்ளென்று ஏறியது. பாட்டின் பெயரே 'மூணாம் ஓலை'. அதில் ஓலையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும், மூணுதானே?

"கல்யாண ஓலைண்ணே! நீங்களும் தூத்துக்குடி கோயில்ல ஞானஸ்நானம் வாங்குன ஆளுதான?"

"எனக்குத் தெரியும். சென்னைக்காரனுக்குத் தெரியுமா?"

தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். கடற்கரைக் கத்தோலிக்கர் வீட்டில் கல்யாணம் என்றால், முதலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பெண் மாப்பிள்ளை பேரை வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். அதுதான் ஓலை. விஜிலாவுக்கும் கப்பல்காரன் ஜாக்சனுக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். சாமியார் யார் யார் பேரையோ வாசித்தார், இவள் பேரைக் காணோம். மேடையில் பாடுகிற பொண்ணு நமக்குச் சரிப்படாது என்று ஜாக்சன் முந்தின நாளே சாமியாரிடம் சொல்லிவிட்டானாம். அவளிடம் சொல்ல வேண்டும் என்று அந்த மகராசனுக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து விஜிலா அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வேறு ஊர்க் கோயிலில் பூசை கண்டு வருகிறாள். அந்த ஆத்திரத்தில் எழுதியதுதான் இந்தப் பாட்டு.

'ரெண்டு ஓலை வாசிச்சவனே,
மூணாம் ஓலைக்கு ஓடினவனே,
நீ போற கடலுக்கெல்லாம்
கரையே இல்லாமப் போவ!'

அதற்கு முன்பு அவளாக எழுதி, அவளாகப் பாடி யூடியூபில் ஏற்றிய இரண்டு பாட்டையும் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதில் பாதி அம்மா. ஃபிராங்க்ளின் தும்மினால்கூட அது மினிபஸ்ஸில் ஓடும். அதனால்தான் இவனிடம் வந்தாள். இந்தப் பாட்டு மட்டும் நாலு பேர் காதில் விழவேண்டும், முக்கியமாக அந்தப் பயல் காதில் விழவேண்டும். அது போதும் அவளுக்கு.

சென்னையிலிருந்து வந்திருந்த பாலகணேஷ் தொண்டையைச் செருமினார். பல்லவி எழுதுவது மட்டுமே அவர் வேலை. அவர் எழுதிய எட்டுப் பல்லவியும் ஹிட்டு.

"ஓலை இருக்கட்டும் சார். புது வார்த்தை, பிடிக்கும். 'ஓடினவனே'தான் இடிக்குது. 'ஓடி வா மாமா'ன்னு வெச்சுக்கலாம்."

"ஓடிப்போனவன நான் எதுக்கு சார் வான்னு கூப்பிடணும்?"

"கூப்பிட்டாத்தான் மேடம் ஜனங்க ஆடுவாங்க. திட்டுனா யாரு ஆடுவா?"

"ஆட வேண்டாம். கேட்டாப் போதும்!"

"விஜி, கம்பெனி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சுல்லா? இந்த ஒண்ணு என் இஷ்டம். அடுத்த பாட்டு முழுக்க ஒன் இஷ்டம்" என்றான் ஃபிராங்க்ளின்.

விஜிலா பல்லைக் கடித்தாள். சரி, வார்த்தை அவர்களுடையது, குரல் என்னுடையது. பாடுகிற பாட்டில் தெரியட்டும் நான் யாரென்று. மைக் முன்னால் நின்று ஒவ்வொரு 'மாமா'வையும் காறித் துப்புகிற மாதிரிப் பாடினாள். கழுத்து நரம்பு புடைத்தது.

வெளியே வந்தபோது ஃபிராங்க்ளின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்னா ஏக்கம்! அந்த மூச்சு இருக்கே, அது ஒண்ணு போதும்."

"அது ஏக்கம் இல்லண்ணே, ஆத்திரம்!"

"கொஞ்சம் எக்கோ போட்டா ரெண்டும் ஒண்ணுதாம்மா."

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. துறைமுகத்து லாரிக்காரர்களுக்கு அதுதான் ரிங்டோன். திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் காலையிலிருந்து மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் விஜிலா. தெருவில் இறங்க முடியவில்லை. மீன்காரி சண்முகசுந்தரி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னுமா ஏளா அந்தப் பயல நெனச்சி உருகுத? ஒடம்பு என்னத்துக்காவும்?" என்று பாவம் பார்த்து நாலு சாளை கூடப் போட்டாள்.

அந்த நாலு மீனையும் அப்படியே சாக்கடையில் வீச வேண்டும் போலிருந்தது விஜிலாவுக்கு. வீட்டுக்கு வந்து ஃபோனை எடுத்தாள்.

"அண்ணே, என் பழைய பாட்ட நானே நெட்டுல போடப் போறேன்."

"போட முடியாதும்மா. வரி, மெட்டு எல்லாம் இப்ப கம்பெனிது. நீதான கையெழுத்துப் போட்ட?"

"நான் அழுது எழுதுன பாட்டு, கம்பெனிதா?"

"அழுதது ஒன்னுது. பாட்டு கம்பெனிது."

நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! விஜிலா ஃபோனைக் கட்டிலில் எறிந்தாள். பிறகு அதே ஃபோனை எடுத்து லைவ் போட்டாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. அது காதல் பாட்டே கெடயாது. ஏலே ஜாக்சன்! நீ செஞ்சத நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒன்னய நெனச்சாலே எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. ரோட்டுல எங்கயாவது பாத்தேன், செருப்பு பிஞ்சிரும்!"

மனசு கொஞ்சம் ஆறியது, மறுநாள் காலை வரை. காலையில் ஃபிராங்க்ளின் ஆபீசிலிருந்து ஒரு துண்டு வீடியோ வந்திருந்தது. "ஜாக்சன்! நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒன்னய நெனச்சாலே எனக்கு…" அதோடு சரி. 'ஏலே'யைக் காணோம், 'நீ செஞ்சத'வைக் காணோம், செருப்பையும் காணோம். பின்னால் வயலின் அழுதது. முப்பது லட்சம் பேர் பார்த்துக் கண்ணீர் பொம்மை போட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மக்ரூன் டப்பாவோடு இறங்கி வந்தவள் ஜாக்சனின் அம்மா பிளாரன்ஸ்.

"மருமவளே!"

"யாருக்கு யாரு மருமவ?" என்றாள் விஜிலா.

"கோவிக்காதளா. ஊரு ஒலகம் கேக்க எம்புள்ளயக் கூப்பிட்டிருக்க. அவனும் கல்லா? கார்லதான் இருக்கான், உள்ள வர வெக்கப்படுதான். பாடுற பொண்ணு வேண்டாம்னு சொன்னதெல்லாம் அப்போ. இப்ப அவன் கப்பல் கேப்டனே ஒன் பாட்டத்தான் கேக்காராம்."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அது விஜிலாவுக்குப் பிடிக்கவில்லை.

"ரெண்டு ஓலை ஏற்கெனவே வாசிச்சாச்சி. ஒண்ணுதான பாக்கி? வார ஞாயித்துக்கிழமை அதையும் வாசிச்சிருவோம்" என்றாள் பிளாரன்ஸ்.

"ஒண்ணுதான் பாக்கி…" என்று அம்மா முணுமுணுத்தாள்.

"எம்மா!"

விஜிலா அடுக்களைக்குள் போய் ஃபிராங்க்ளினைக் கூப்பிட்டாள். ஒரு மறுப்பு வீடியோவாவது போடுங்கள் என்று கெஞ்சினாள்.

"சரின்னு சொல்லிரு தங்கச்சி! நான் கேமராவ அனுப்புதேன். இதவிடப் பெரிய ப்ரமோஷன் உண்டா?"

போதும். விஜிலா கூடத்துக்கு வந்தாள். பிளாரன்ஸ் முன்னால் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். மைக் இல்லை, எக்கோ இல்லை, பாலகணேஷ் இல்லை. தெரு முனை வரை கேட்கிற குரலில் தன் பாட்டைத் தானே பாடினாள். ஓடினவனே என்று பாடினாள். கரையே இல்லாமப் போவ என்று இரண்டு தடவை பாடினாள்.

பிளாரன்ஸ் முகம் சுண்டிப்போனது. அம்மா நாற்காலியைப் பழைய இடத்தில் நகர்த்தி வைத்தாள். வெளியே காரில் கண்ணாடி சரசரவென்று ஏறியது.

அப்பாடா! மாமா பாட்டை நாலு கோடிப் பேர் கேட்டபோது வராத நிம்மதி இப்போது வந்தது. எழுதிய பாட்டு போகவேண்டிய காதுக்குப் போய்விட்டது. இனி கம்பெனி என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். விஜிலாவுக்குச் சிரிப்புகூட வந்தது.

அப்போதுதான் வாசலில் ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசிருக்கும். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அவளைப் பார்த்ததும் பிளாரன்ஸ் வெடுக்கென்று எழுந்து பின்வாசல் எங்கே என்று தேடினாள்.

"பாட்டு கேட்டு அழுதியா? பாவம். வாம்மா, வந்து செல்ஃபி எடுத்துக்கோ" என்றாள் விஜிலா.

அந்தப் பெண் வாசலில் நின்ற காரைக் கை நீட்டிக் காட்டினாள்.

"செல்ஃபிக்கு வரலக்கா. அந்தா கார்ல இருக்கான்லா, அவனுக்கும் எனக்கும் ரெண்டு ஓலை வாசிச்சாச்சி, ஒங்க பாட்டக் கேட்டுட்டுத்தான் இன்னைக்கு மூணாவத நிறுத்திட்டான்."