மூக்குக்காக வளர்ந்த முள்ளங்கி

செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி இன்றுவரை அடைந்த அதிர்ச்சிகள் அத்தனைக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு. கீழ்த்தளத்து ஐஸ் மாமா. ரிட்டயராகும் வரை சாதுவாக ஆபீஸ் போய்வந்தவர், ஒருநாள் மலைப்பக்கத்து நர்சரியிலிருந்து பார்சலில் ஒரு வேரை வரவழைத்தார். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

"ஹார்ஸ்ராடிஷ். தமிழ்ல குதிரை முள்ளங்கின்னு வச்சுக்கோயேன்" என்றார்.

"முள்ளங்கிதான் மார்க்கெட்ல குவிஞ்சு கிடக்கே, மாமா?"

"அது வேற. கடுகை அரைச்சா ஒரு நெடி வருமே, அதைப்போல பத்து மடங்கு. மூக்கைப் பிடிச்சு உலுக்கிடும்!"

குளிர்தேசத்துச் செடி. பம்பாய் மே மாதத்தில் அது தலையைத் தொங்கப்போட்டது. மாமா தொட்டியைச் சுற்றி ஐஸ் அடுக்கினார். வீட்டு ஐஸ் போதவில்லை. வெங்காயம்கூடச் சேர்க்காத அந்த மனிதர், வாளியோடு மீன் மார்க்கெட்டுக்கே போய்விட்டார்.

"மீன் வேண்டாமா? வெறும் ஐஸா?" என்று மீன்காரம்மா வாயைப் பிளந்தாளாம்.

மறுநாள் கட்டிடமே மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்தில் கூடியது. அழுகின மீன் நாற்றம். அதன் நடுவில் மாமா நிதானமாக நின்று களை கொத்திக்கொண்டிருந்தார்.

"நாத்தமா? என்ன நாத்தம்?" என்றார்.

மாமி அவரையே பார்த்தாள். "உங்களுக்கு வரலையா?"

மாமா மண்வெட்டியைக் கீழே வைத்தார். "போன வருஷம் படுத்துண்டேனே, அந்த ஜுரத்துக்கு அப்புறம் எந்த வாசனையுமே வரதில்லை."

"ரசத்துல பெருங்காய வாசனை பிரமாதம்னு தினம் சொல்லிண்டிருந்தேளே!"

"சொல்லலைன்னா உன் முகம் வாடிடுமேன்னு…"

மாமி திட்டவில்லை. விடுவிடுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்களுக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. மீன் ஐஸ் விவகாரத்தை யாரும் மேற்கொண்டு பேசவில்லை. சாயங்காலம் மாமியே எங்கள் வீட்டுக்கு, செடிக்கு ஃப்ரிட்ஜ் ஐஸ் கேட்டு வந்தாள்.

செடி எப்படியோ பிழைத்தது. குளிர்காலத்தில் மாமா தோண்டியபோது விரல் தடிமனில் ஒரு வேர் கிடைத்தது. மிக்ஸியில் போட்டு, வினிகர் ஊற்றி அரைத்து, மூடியைத் திறந்தார்.

மாடியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டது. கேஸ்தான் கசிகிறதோ என்று செக்ரட்டரி இருமிக்கொண்டே ஓடிவந்தார்: "காகா! கேஸ் லீக் ஹை க்யா?"

நாங்கள் பதறிப்போய் உள்ளே நுழைந்தோம். மாமா ஜாருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றார். முகம் செக்கச்செவேல்.

"எரியறதுடி! மூக்கு எரியறது! எனக்கு ஏதோ வரது!"

அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. மாமி ஓடிப்போய் அடுப்பிலிருந்த காபியை டம்ளரில் ஊற்றி எடுத்துவந்து அவர் மூக்கடியில் நீட்டினாள். "இது? இது வரதா?"

மாமா வெகுநேரம் இழுத்துப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார். இல்லை.

மாமி டம்ளரை அவர் கையில் கொடுத்துச் சொன்னாள்: "சிக்கரி தூக்கலா இருக்கு. கொஞ்சம் தீஞ்ச வாசனையும் அடிக்கறது. நான் சொல்றேன், நீங்க குடியுங்கோ."

இப்போது அதுவே பழக்கமாகிவிட்டது. முதல் மழை விழுந்ததும் மாமி தோட்டத்துக் கதவைத் திறந்து, "ஏன்னா, மண் வாசனை கிளம்பியாச்சு!" என்று உரக்கச் சொல்வாள். மாமா கண்ணை மூடி மூச்சை இழுப்பார். மாடி ஜன்னலில் நானும், அவள் சொல்லி முடித்த பிறகுதான் மூச்சை இழுக்கிறேன்.