கழற்றத் தெரிந்த கனவான்

பதுளைப் பக்கம் புதிதாக மாற்றலாகி வருகிறவர்களை அட்டைக்கடி பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். கழற்றத் தெரிந்த கனவானைப் பற்றி ஒருவரும் எச்சரிப்பதில்லை. அட்டையாவது உப்புப் போட்டால் விழுந்துவிடும். இவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் இன்னும் இரண்டு மணித்தியாலம் இருப்பார்.

இவரை அடையாளம் காண்பது எப்படி? கந்தோரில் எழுத்து வேலை, ஞாயிறு முழுவதும் ஓய்வு, எண்ணெய் போட்டுத் துடைத்த ஸ்பனர்கள் ஒரு தோல் பையில், கக்கத்தில் ஓர் இங்கிலீசுப் புத்தகம், அதில் மோட்டார் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்ட படங்கள். சொந்தமாக மோட்டார் சைக்கிள் மட்டும் இருக்காது. பஸ்ஸில் வந்து இறங்கி, அடுத்தவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஹாண்டிலை இரண்டு தரம் திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "உது ஒரு சின்ன அலுவல்" என்பார். அதைக் கேட்டதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட வேண்டும்.

தர்மராசா ஓடவில்லை. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் உத்தியோகம் அவருக்கு, யாழ்ப்பாணத்துக்காரர், சாது. நான்கு டிவிசன்களுக்கும் அவர்தான் டாக்டரையா. அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் ஹாண்டில் நேராக வரும்போது கறகறவென்று பிடித்தது. அது திரும்புகிற கழுத்துக்குள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இரும்புக் கிண்ணங்கள், அவற்றுக்குள் உருளும் குண்டுகள், எல்லாம் தேய்ந்துவிட்டன. பதுளைக் கடைவீதி மெக்கானிக் ஸலீம், திங்கள் காலை கொண்டுவந்தால் மத்தியானத்துக்குள் மாற்றித் தருவதாகவும், அதுவரை மெதுவாக ஓட்டலாம் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் திங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிறு இருந்தது. மாவட்டக் கச்சேரியில் அரசாங்கக் கிளாக்கரான ஸ்ரீஸ்கந்தராஜாவும் இருந்தார்.

கச்சேரிக்காரர் கழற்றினால் கச்சேரி முறைப்படிதான் கழற்றுவார். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு துண்டுக் கடதாசி, அதில் மையால் இலக்கம், இலக்கத்துக்குக் கீழே தம் சுருக்கொப்பம், எல்லாவற்றையும் சிவப்பு நாடாவால் கட்டி, முற்றத்தில் சாக்கு விரித்து வரிசையாக அடுக்கி, தள்ளி நின்று அந்த அழகைப் பார்த்துவிட்டுக் கழுத்திலிருந்து முன்பாகத்தை இறக்கினார். உள்ளே இருந்த குண்டுகள் பொலபொலவென்று கொட்டிப் புல்லுக்குள் ஓடின. அவற்றுக்கு இலக்கம் போட அவகாசம் கிடைக்கவில்லை. பிறகு கீழ்க் கிண்ணத்தை எடுப்பதற்காக மேலிருந்து ஒரு கம்பியை விட்டு, ஒரே பக்கமாகச் சுத்தியலால் அடித்தார். கிண்ணம் சரிந்து இறுகிக்கொண்டது. அடித்தார், இன்னும் இறுகியது. புத்தகத்தில் இப்படி இல்லையே என்று கிண்ணத்தைக் கோபித்துக்கொண்டார். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. மை கரைந்து இலக்கமெல்லாம் சாக்கில் ஊறிப்போயின.

அந்த மழையில்தான் கீழ் டிவிசனில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற இராசையா ஓடி வந்தான். மனைவி அங்கம்மாவுக்கு விடியற்காலையிலிருந்து வலி.

"புள்ளையோட காலு மொதல்ல வந்திருச்சுங்க ஐயா. பைக்க எடுங்க."

தர்மராசா வண்டியைப் பார்த்தார். முன் சில்லு ஒரு பக்கம் கிடந்தது, ஹாண்டில் ஒரு பக்கம் கிடந்தது. மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கிடையே குறுக்குப் பாதையில் நான்கு கட்டை தூரம் ஓடினார். நாற்பத்தெட்டு வயது மனிதர், இரண்டு தரம் வழுக்கி விழுந்தார்.

இராசையா குடியிருந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மருத்துவச்சி இராக்கம்மா எப்படியோ பிள்ளையை எடுத்து, நீலம் பாரித்துக் கிடந்ததைத் தட்டித் தட்டி அழவைத்திருந்தாள். அங்கம்மாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டார். நெடுநேரம் கழித்து நின்றது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயைப் பறிகொடுத்திருப்பார்கள். வாசலில் வந்து உட்கார்ந்த தர்மராசா, ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதார்.

மாலையில் திரும்பி வந்தார். கனவான் இன்னும் சாக்கின் பக்கத்தில் குந்தியிருந்தார். நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"பாத்தீரே? நான் அவசரப்பட்டு அரைகுறையாப் பூட்டித் தந்திருந்தா, நீர் வழியிலை விழுந்தெல்லே இருப்பீர்."

தர்மராசா என்ன செய்தார் என்கிறீர்களா? தேத்தண்ணி கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினார். சாது என்று முன்பே சொன்னேன்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஒரு சின்னக் கேள்வி. இராசையா மழையில் நின்று கெஞ்சியபோது உங்கள் மனம் எங்கே இருந்தது? 'கிண்ணத்தை ஒரே பக்கமாகவா அடிப்பது? மாறி மாறி அல்லவா தட்ட வேண்டும். நானாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்திருப்பேன்' என்று ஓடிக்கொண்டிருந்ததா? அப்படியானால் ஓர் உபகாரம் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பக்கம் வந்துவிடாதீர்கள். என் மனைவிக்கு இது எட்டாம் மாதம்.