மச்சானைத் தடுக்க ஒரு மராமத்து

இந்த வருஷம் குற்றாலச் சீசனுக்கு மச்சானை வாசப்படி ஏறவிடுவதில்லை என்று பால்வண்ணநாதன் முடிவெடுத்துவிட்டார். சத்தமாக அல்ல, மனசுக்குள்தான். சத்தமாக முடிவெடுக்கிற அதிகாரம் அந்த வீட்டில் அவர் மனைவி முத்துச்செல்விக்கு மட்டுமே உண்டு.

தென்காசியில் வீடு வைத்திருப்பவன் பாடு அப்படி. ஆனி பிறந்து, முகத்தில் நாலு துளி சாரல் பட்டுவிட்டால் போதும். வருஷம் பூராவும் போனே எடுக்காத சொந்தமெல்லாம், "என்ன, அருவியில தண்ணி விழுதா?" என்று பாசமாக விசாரிக்கும். விழுது என்று வாய் தவறிச் சொன்னால் மறுநாள் வாசலில் வேன் நிற்கும்.

முத்துச்செல்வியின் அண்ணன் சுடலைக்கண்ணு விசாரிக்கக்கூட மாட்டார். விருதுநகரில் இருக்கிற டைல்ஸ் கடையை மகனிடம் விட்டுவிட்டு, பெண்டாட்டி, பேரன் பேத்தியோடு வந்து இறங்கிவிடுவார். இறங்கிய நிமிஷத்திலிருந்து கட்டில் அவருடையது. டிவி ரிமோட் அவருடையது. செங்கோட்டைக்குப் போய் புரோட்டா வாங்கி வருகிற வேலை மட்டும் பால்வண்ணநாதனுடையது. போன சீசன் முழுக்க மனுஷன் தரையில்தான் படுத்தார். இடுப்பு இன்னும் நேராகவில்லை.

போன மாதம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே முத்துச்செல்வி சொன்னாள்: "எங்கண்ணன் எதையும் பொறுத்துக்கிடுவாரு. பாத்ரூம் மட்டும் புழங்கமுடியாம கெடக்குன்னு வைங்க, ஒருநாள் தங்கமாட்டாரு பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பால்வண்ணநாதனுக்கு அன்றைக்குத் தூக்கம் போயிற்று. ஆகா, என்ன மூளை தனக்கு என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு கிடந்தார்.

அந்தப் பாத்ரூமைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரையில் தண்ணீர் நிற்கும். பாசி வழுக்கும். முத்துச்செல்வி ஒருமுறை விழுந்து கையில் மாவுக்கட்டோடு திரிந்தாள். மாற்றிக் கட்டுங்கள் என்று அவள் கேட்கும்போதெல்லாம், பொங்கல் முடியட்டும், சாரல் முடியட்டும் என்று இவர் சாக்குச் சொல்லியே காலத்தை ஓட்டியிருந்தார். இப்போது பாருங்கள், சீசன் நெருங்கியதும் திடீர் ஞானோதயம்.

"ஏட்டி, பாத்ரூமை மாத்தப்போறேன்."

"ஆள் சொல்லவா?"

"ஆளா? ராணுவத்துல இருந்தவன் நான். பாலத்தையே பாத்தவனுக்குப் பாத்ரூம் எம்மாத்திரம்?"

பாலத்தைப் பார்த்தது உண்மைதான். ரயிலில் போகும்போது பார்த்தார். ராணுவத்தில் அவருக்கு வேலை அரிசிக் கிடங்கில்.

"அதுவுஞ் சரிதான். நீங்களே இடிங்க," என்றாள் முத்துச்செல்வி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுருக்க ஒத்துக்கொண்டதில்லை. ஒரு சந்தேகம் வர வேண்டாமா? பெருமையில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் திட்டமே வேறு. சுவரில் நாலு கல்லைப் பெயர்ப்பது, ஒரு சட்டி மணலைக் குவிப்பது, சீசன் முடிந்ததும் ஒட்டிவிடுவது.

சுத்தியலை ஓங்கினார்.

"தண்ணிய அடைச்சிட்டியளா?"

"எல்லாம் எனக்குத் தெரியும், நீ போ."

அடைத்திருந்தார்தான். ஆனால் அவர் அடைத்தது அடுப்படிக்குப் போகிற வால்வு. இரண்டாவது அடியில் சுவருக்குள் இருந்த குழாய் உடைந்து தண்ணீர் மூஞ்சியில் பீச்சியடித்தது. எதை அடைப்பது என்று மாடிக்கும் கீழேயுமாக ஓடுவதற்குள் தொட்டி காலி.

"தப்பு செஞ்சாத்தாண்டி பாடம் படிக்க முடியும்," என்றார், மீசையைப் பிழிந்தபடி.

"நல்லா படிங்க," என்றாள் அவள்.

மறுநாள் குழாயை ஒட்ட சுவரை இன்னும் கொஞ்சம் கொத்த வேண்டியிருந்தது. அதே சுவரில்தான் ஹீட்டர். பால்வண்ணநாதனுக்கு அது ஹீட்டர் அல்ல, உயிர். தென்காசியிலேயே பிறந்து வளர்ந்தும், "குத்தாலத் தண்ணியா? எம்மா, ஜில்லுன்னு ஆளைக் கொன்னுருமே!" என்று அருவிப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பிறவி.

"ஹீட்டரைக் கழட்டி வச்சிட்டு அடிக்கலாம்லா?"

"அது மலை மாதிரி நிக்குதுட்டி!"

மலை மூன்றாவது அடியில் இறங்கியது. கூடவே பாதிச் சுவரும் இறங்கியது. புழுதிக்குள்ளிருந்து இரண்டாவது பாடத்தையும் படித்துவிட்டு இருமிக்கொண்டே வந்தார். போதும் சாமி என்று சுத்தியலைக் கீழே போடப் போனவரிடம் முத்துச்செல்வி மோர் டம்ளரை நீட்டினாள்.

"தரை மட்டும் முழுசா கெடக்கே. பாக்குதவுகளுக்கு, நின்னு குளிக்கலாம்னுல்லா தோணும்."

பால்வண்ணநாதன் தரையைக் குனிந்து பார்த்தார். மச்சான் வாளியும் கையுமாக அந்தத் தரையில் நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தரையையும் துவம்சம் செய்தார்.

சனிக்கிழமை காலையில் வேன் வந்தது. பால்வண்ணநாதன் முகத்தைச் சாவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வைத்துக்கொண்டு எதிரே போனார்.

"வாங்க மச்சான். என்னத்தச் சொல்ல! பாத்ரூமே இல்ல. லாட்ஜுல ரூம் பாக்கட்டுமா?"

சுடலைக்கண்ணு உள்ளே போய் இடிபாட்டை எட்டிப் பார்த்தார். தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"குத்தாலத்துக்கு வாரவன் பாத்ரூம்லயா மாப்ளே குளிப்பான்? கக்கூஸ்தான் பின்னால தனியா இருக்கே, அது போதும்!"

சொன்ன கையோடு வேனிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கச் சொன்னார். அத்தனையும் டைல்ஸ்.

"வழுக்காத கல்லு மாப்ளே. தங்கச்சி போன மாசமே அளவு அனுப்பிட்டா. கொத்தனாருக்கும் அவளே சொல்லியாச்சு, திங்கக்கெழமை வாராரு. இடிக்கிற வேலைய மட்டும் நீங்க பாத்துக்கிடுவியன்னு சொன்னா. பரவால்ல, நல்லாவே இடிச்சிருக்கிய!"

"போன மாசமா?" பால்வண்ணநாதன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "நான் இடிக்க ஆரம்பிச்சதே இந்த வாரந்தானே!"

மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் துண்டோடு நின்றாள்.

"பாத்ரூம் புழங்கமுடியலன்னா அண்ணன் தங்கமாட்டாருன்னு சொல்லலேன்னா, இந்த ஜென்மத்துல நீங்க சுத்தியலைத் தொட்டிருப்பியளா?"

"அப்ப நான்... நான் எங்கட்டி குளிக்க?"

"வேலை முடிய ஆடி கழிஞ்சிரும்." துண்டை அவர் தோளில் போட்டாள். "வேன்ல ஏறுங்க. சோப்பை இங்கனயே வச்சிட்டுப் போங்க, அருவியில சோப்புப் போட போலீஸ்காரன் விடமாட்டான்."