ஓட்டையை அடைத்தவள்

"என் சுவர்ல இருந்த ஓட்டைய என்ன பண்ணினே?"

கதவைத் திறந்ததும் மூத்தவள் கேட்டது இதுதான். வா என்றில்லை, உட்கார் என்றில்லை.

"அடைச்சாச்சுக்கா," என்றாள் டிகிரி, பாராட்டு வாங்க வந்தவளைப் போல. "பழைய குழாய் போன ஓட்டை. உங்க ஏசிக் காத்துல பாதி அது வழியாத்தான் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்துச்சு. இனிமே ஒரு துளி தாண்டாது."

"காத்து தாண்டாது, சரி. சீரியல்?"

"சீரியலா?"

"மாமியாருக்கு விஷம் வச்சது யாருன்னு நேத்துதான் சொல்றதா இருந்தாங்க. ஒண்ணுமே கேக்கலை. சுவர்ல காதை வச்சு வச்சு காது சிவந்ததுதான் மிச்சம்."

டிகிரி என்பது அவளுடைய பெயரல்ல. அவள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போய், படிப்பை முடித்துத் திரும்பிய முதல் ஆள் அவள்தான். தெருவே அந்தப் பெயரை வைத்தது. வேறு யாரிடமும் டிகிரி இல்லாததால் குழப்பமும் வரவில்லை. இப்போது மின்சாரச் சிக்கனத் திட்டத்தில் களப்பணியாளர். தற்காலிகம். ஒரு கட்டடத்தைக் கொடுப்பார்கள். வீடு வீடாகப் போய் ஓட்டையை அடைத்து, விளக்கை மாற்றி, மொத்தக் கட்டடத்தின் மீட்டரையும் கீழே இறக்க வேண்டும். இறங்கினால் வேலை நிரந்தரம் என்று அவளாக எடுத்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் சொன்னதென்னவோ, "குறைச்சுக் காட்டும்மா, அப்புறம் உன்னை என்ன பண்றதுன்னு நான் பார்த்துக்கறேன்" என்பது மட்டும்தான்.

மூத்தவளும் பக்கத்து வீட்டு இளையவளும் ஓரகத்திகள். ஒரு பாத்திரத் தகராறில் பேச்சு நின்று வருடக்கணக்காகிறது. எந்தப் பாத்திரம் என்பது இருவருக்கும் மறந்துபோயிருந்தது. தகராறு மட்டும் நேற்றுத் தேய்த்துக் கவிழ்த்ததுபோலப் பளபளவென்றிருந்தது.

மூத்தவளிடம் ஏசி உண்டு, டிவி இல்லை. இளையவளிடம் டிவி உண்டு, ஏசி இல்லை. மூத்தவளைக் கடுப்பேற்றுவதற்காகவே இளையவள் டிவியை அலறவிடுவாள். மூத்தவள் ஓட்டையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, சீரியல் முழுவதையும் காதாலேயே பார்த்து முடிப்பாள். அதே ஓட்டைக்கு அந்தப் பக்கம் கட்டிலைப் போட்டு, மூத்தவளின் குளிர்காற்றில் இளையவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாள். அடுத்தவளைக் கொள்ளையடிக்கிறோம் என்று இருவருக்கும் பரம திருப்தி.

ஓட்டையை அடைத்த மறுநாள் மூத்தவள் வீட்டுக்கு டிவி வந்தது. அதற்கு மறுநாள் இளையவள் வீட்டுக்கு ஏசி வந்தது. மூத்தவளுடையதைவிட ஒரு சைஸ் பெரியது.

மீட்டர் ஏறியது.

"ஏறியிருக்கே?" என்றார் இயக்குநர். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. கையில் பெரிய வெள்ளிக் கோப்பையோடு ஒரு பெண். டிகிரிக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். "அவளைப் பாரு. எடுத்துக்கிட்ட கட்டடத்தை அப்படியே பாதியாக் குறைச்சா. அதுக்குப் பேர் வேலை."

அந்தக் கோப்பைக்காரியை டிகிரி நேரில் பார்க்காமலே வெறுத்தாள். கூடவே, அவளைப் போல ஆகிவிட வேண்டும் என்று ஏங்கவும் செய்தாள்.

பக்கத்து மேசைக்காரர் வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். கடலை அண்ணன் என்று பெயர். அவர் பொறுப்பிலிருந்த கட்டடம் வருடாவருடம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு சுருக்கமில்லை.

"அவசரப்படாதே தங்கச்சி," என்றார். "கட்டடம் எங்க ஓடிடப் போகுது?"

"உங்களை மாதிரி நாற்காலியத் தேய்க்க நான் படிக்கலண்ணே."

கடலை அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கை கடலையை அவள் மேசையில் வைத்தார். சோம்பேறிகளுக்குத்தான் இந்த ஊரில் மேசை, நாற்காலி, முதுகு சாய இடம் எல்லாம் என்று நினைத்தபடியே டிகிரி அந்தக் கடலையைத் தின்றாள்.

வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தாள். தையல் கம்பெனியில் நாள் முழுக்கப் பொத்தான் வைத்துவிட்டு வருகிற அம்மாவுக்கு அலுவலகத்தைப் பற்றித் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான்.

"பர்மனென்ட் ஆயிடுச்சா?"

"இல்லம்மா. ஒரு ஓட்டைய அடைச்சேன்."

"நம்ம கூரையில கூடத்தான் ஓட்டை. அதுக்கு உங்க ஆபீஸ்ல யாரும் வர மாட்டாங்களா?"

"நம்ம தெருவுல குறைக்கறதுக்கு என்னம்மா இருக்கு? இருக்கறதே ஒரு பல்பு."

"ஏழைக்குக் குறைக்கறதுக்குக் கூட ஒண்ணும் மிச்சமில்ல," என்ற அம்மா, அவள் பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவப் போனாள்.

திட்டம் ஒரு கையேடு கொடுத்திருந்தது. தலையணை கனம். 'மக்களை இணைத்து வீடுகளைச் சீரமைப்பது எப்படி' என்று தலைப்பு. பக்கத்துக்குப் பக்கம் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டேயிருந்தது. விளக்கை அணைத்துச் சிரித்தது, சன்னலை மூடிச் சிரித்தது. அந்தக் குடும்பத்தில் ஓரகத்திகள் இல்லை.

வீடுகளுக்குள் கை வைத்தால்தானே வம்பு, மாடிப்படியில் வைப்போம் என்று முடிவு செய்தாள் டிகிரி. படிக்கட்டு விளக்கு இரவு முழுக்கச் சும்மா எரிந்தது. அதை எடுத்துவிட்டு, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரிகிற விளக்கை மாட்டினாள்.

மறுநாளே மேல்மாடி ட்யூஷன் வாத்தியார் வழியை மறித்தார்.

"ஏம்மா, எங்க வகுப்புக்கு வந்து பாரேன்."

வகுப்பு நடப்பதே அந்தப் படிக்கட்டில்தான். மொத்தக் கட்டடத்துப் பிள்ளைகளும் அந்த ஒற்றை விளக்கின் கீழ் படிக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நடுவாக்கியத்தில் இருக்கும்போது விளக்கு அணைந்தது. உடனே மொத்த வகுப்பும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. விளக்கு வந்தது.

"படிக்கற பிள்ளை அசையாது. அசையற பிள்ளை படிக்காது," என்றார் வாத்தியார். "உங்க விளக்குக்கு யாரைப் பிடிக்கும்னு பாத்தியா?"

வகுப்பு அன்றே அவர் வீட்டுக்குள் போனது. உள்ளே நான்கு ட்யூப்லைட், மூன்று மின்விசிறி. இடம் கிடைக்காத பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு விளக்கைப் போட்டுப் படித்தார்கள், அதாவது படிப்பதாகச் சொன்னார்கள்.

மீட்டர் இன்னும் ஏறியது.

டிகிரி கையேட்டைப் புரட்டினாள். 'அண்டை வீட்டாரிடையே நல்லுறவை வளருங்கள். ஒற்றுமையே சிக்கனம்' என்றிருந்தது. அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று ஓரகத்திகள் இருவரையும் படிக்கட்டில் எதிரெதிரே உட்காரவைத்தாள்.

நெடுநேரம் இருவரும் கைப்பிடிக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மூத்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அந்தப் பாத்திரத்தை நீயே வச்சுக்கோடி."

"எந்தப் பாத்திரம்க்கா?"

"அதான் எனக்கும் ஞாபகமில்ல."

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். டிகிரிக்கும் கண் கலங்கியது. படித்த படிப்பு வீண்போகவில்லை.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தாள். இரண்டு வீட்டுக் கதவும் திறந்து கிடந்தன. இரண்டு ஏசியும் ஓடின. இரண்டு டிவியிலும் ஒரே சீரியல்.

"என்னக்கா இது? ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே உட்கார்ந்திருக்கீங்க?"

"அவ திடீர்னு வந்தா வீடு சூடா இருக்கலாமா? என்ன நினைப்பா?" என்றாள் மூத்தவள்.

"அக்கா வீட்டுக்கு நடந்து போற நேரத்துல கதை போயிடுச்சுன்னா?" என்றாள் இளையவள். "வழியெல்லாம் கேக்கணும்ல?"

திறந்த கதவுகள் வழியாக இரண்டு ஏசிக் காற்றும் கைகோத்துக்கொண்டு படியிறங்கித் தெருவுக்குப் போயின.

அன்று மாலை இயக்குநர் நேரடியாகவே சொல்லிவிட்டார். "அடுத்த கணக்கெடுப்புல இறங்கணும். இல்லேன்னா உன் பேரை நான் எங்கேயும் சொல்ல முடியாது." புகைப்படத்தில் கோப்பைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

டிகிரிக்கு வந்ததே கோபம்! ஓட்டை இருந்தவரைக்கும் நன்றாக இருந்த கட்டடம். பகையிருந்தவரைக்கும் சிக்கனமாக இருந்த குடும்பம். சீரமைக்கிறேன் என்று வந்து சீரழித்தது கையேடு. அதை அலமாரிக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுக் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனாள். மூத்தவள் கடைக்குப் போயிருந்தாள். இளையவளோ புது ஏசிக் குளிரில் தலையோடு போர்த்தி, இடி விழுந்தாலும் எழாத தூக்கத்தில் கிடந்தாள்.

"அடைச்ச ஓட்டையத் திறங்கண்ணே."

கொத்தனார் உளியைக் கீழே வைத்தார். "போன மாசம் அடைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அன்னிக்கு இதே வாயால 'ஒரு ஊசி போகக் கூடாதுண்ணே'ன்னு சொன்னீங்களே?"

"திறங்கண்ணே!"

அந்தக் கடுப்பில் அவர் ஒரு கை அகலமிருந்த ஓட்டையை இரண்டு கை அகலத்துக்கு உடைத்துவிட்டார்.

ஓட்டை மட்டும் போதாது, பகை வேண்டும். டிகிரி மூத்தவளைத் தனியாகப் பிடித்தாள்.

"ஓட்டையத் திறந்திட்டேன்கா. அவங்களுக்குத் தெரியாது. ஆமா, அவங்க ஏசி உங்களோடதைவிட ஒரு சைஸ் பெரிசாமே? ஏன் அப்படி வாங்கினாங்க?"

மூத்தவளின் புருவம் மெல்ல ஏறியது.

அப்புறம் இளையவள். "ஓட்டை திறந்திருக்கு. அவங்களுக்குத் தெரியாது. ஆமாக்கா, அவங்க உங்க வீட்டுக்கு வந்தா உங்களைப் பாக்கறாங்களா, டிவியப் பாக்கறாங்களா?"

பொழுது சாய்வதற்குள் இரண்டு கதவும் படாரென்று சாத்திக்கொண்டன. தகராறுக்கு இந்த முறை பாத்திரம்கூடத் தேவைப்படவில்லை. மூத்தவள் தன் டிவியை அணைத்தாள். 'அவளோடது அலறட்டும், எனக்கென்ன?' இளையவள் தன் ஏசியை அணைத்தாள். 'அவளோடது ஓடட்டும், எனக்கென்ன?' ஓட்டை பெரிதாகிவிட்டதால் அவள் மின்விசிறியையும் நிறுத்தினாள். படிக்கட்டுக்குப் பழைய விளக்கு திரும்பி வந்தது. கை ஆட்டத் தேவையில்லாமல் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கி விழுந்தார்கள்.

மீட்டர் இறங்கியது. அவள் வருவதற்கு முன்பு இருந்ததைவிடவும் கீழே இறங்கியது.

அலுவலகத்தில் கைத்தட்டல். இயக்குநர் ஒரு வெள்ளிக் கோப்பையை அவள் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுக்கவைத்தார்.

"அருமைம்மா! இனி அந்தக் கட்டடத்துல குறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. எப்படிப் பண்ணினே?"

"மக்களை இணைச்சேன் சார்," என்றாள் டிகிரி, கண் சிமிட்டாமல். பிறகு தொண்டையைச் செருமினாள். "சார், அந்த நிரந்தர விஷயம்..."

"எல்லாம் டிரைவர்கிட்டச் சொல்லியிருக்கேன். இன்னிக்கு ஆபீஸ் வண்டியிலேயே வீட்டுக்குப் போ."

ஆபீஸ் வண்டி! டிகிரிக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், கடலை அண்ணனைத் தவிர. அவர் ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்தார்.

"வழியில சாப்பிடு தங்கச்சி. நான்தான் சொன்னேனே, அவசரப்படாதேன்னு."

பொறாமை, என்று நினைத்துக்கொண்டாள் டிகிரி. சாகும்வரை அந்த ஏறுகிற கட்டடத்தோடு கிடக்கட்டும்.

வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். டிகிரி கோப்பையை உயர்த்திப் பிடித்தபடி இறங்கினாள். பின்னாலேயே டிரைவர் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார். அதில் அவளுடைய தண்ணீர்ப் பாட்டில், குடை, மேசைமேல் இருந்த பேனா டப்பா.

"பர்மனென்ட் ஆயிடுச்சா?" என்று அம்மா டிரைவரையே கேட்டாள்.

டிரைவர் பெட்டியைப் பதமாக வாசற்படியில் இறக்கி வைத்தார்.

"முந்தி இருந்த பொண்ணையும் இதே மாதிரி கோப்பையோட நான்தாம்மா கொண்டுபோய் வீட்ல விட்டேன். மீட்டர் இறங்கிட்டா கட்டடத்துல வேலை முடிஞ்சுது, உங்க பொண்ணுக்கும் முடிஞ்சுது. பர்மனென்ட்டெல்லாம் எங்க கடலை சார் ஒருத்தருக்குத்தான், அவர்தான் இத்தனை வருஷத்துல ஒரு யூனிட்டைக்கூடக் குறைக்கவே இல்லியே!"