சிங்கிள் கோச் சொல்லித் தராத பாடம்

கடவுள் மனிதர்களைப் படைத்தபோதுகூட ஒவ்வொருவரையும் இவ்வளவு உற்றுப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். நாவலூரில் எங்கள் அடுக்ககத்தின் கூடைப்பந்துத் திடலில் பயிற்சி கொடுத்த மனிதர் அப்படிப் பார்ப்பார். திருப்போரூர்க்காரர். பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லித் தருவார் என்பதால் அவர் எங்களுக்கு சிங்கிள் கோச்.

"ரெண்டு பேரா வந்தா ஒருத்தர் கேட்டாண்ட நில்லுங்க சார். உங்க கை மாரியா அவரு கை கீது? இட்லியா இன்னா, எல்லாத்தையும் ஒரே தட்டுல ஊத்தி எடுக்க?" என்பார்.

நான் சேர்ந்த அன்று பந்தையே கண்ணில் காட்டவில்லை. நேராக வீட்டுக்கு வந்து, நான் தோசை சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்தார். 

"சார், தோசைய பிக்கச் சொல்ல முழங்கை வெளிய போவுது. நீங்க போடற பந்தும் அப்பிடித்தான் வெளிய போவும்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த முழங்கையில நான் இடி வாங்கறேன். இன்னிக்குத்தான் ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்கார்" என்றாள் என் மனைவி. அவருக்கு ஒரு தோசை அதிகமாகவே விழுந்தது.

எங்கள் அடுக்ககத்திலிருந்து கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போகும் ஸ்டெல்லாவை, பஸ் ஏறும் இடத்தில் பார்த்தாராம். "கூட்டத்த முதுகால அடைச்சிகினு ஜன்னல் சீட்டு புடிச்சீங்க பாரு, அதாம்மா ரீபவுண்டு. வளையத்துல பட்டுத் திரும்பற பந்து உங்களுக்குத்தான்" என்று சொல்லி அதையே பழக்கினார். என்னைப் போலவே ஐ.டி. ஆசாமியான செந்திலின் கதை இன்னும் மோசம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பழக அவனை மாமல்லபுரம் கடற்கரைக்கே கூட்டிப் போய்விட்டார். மணலில் பந்து எழும்புமா? தொப்பென்று உட்கார்ந்துகொண்டது. கோயில் பார்க்க வந்த கூட்டம் கோயிலை விட்டுவிட்டுச் செந்திலைப் பார்த்தது. சங்கு மாலை விற்பவர் ஒருவர், "இன்னா அண்ணாத்த, பந்து பஞ்சரா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"எழும்பாத பந்த எழுப்பணும்னா கை எம்மா வேல செய்யணும்! அதான் பயிற்சி" என்றார் கோச், கொஞ்சமும் அசராமல்.

அவருடைய இந்தப் பிடிவாதமே திடலுக்கு வினையாக வந்தது. சங்கச் செயலாளர் கோவைக்காரர். பால்கனியிலிருந்து எப்போது எட்டிப் பார்த்தாலும் திடலில் ஒரே ஒரு ஆள்தான் நிற்பார். "ஏனுங்க, ஒத்த ஆளுக்கு இத்தனை இடமா? காரு நிறுத்தலாமுங்க" என்று கூட்டத்தில் எழுந்தார். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து அடுக்ககத்தோடு ஒரு மேட்ச். குடியிருப்பவர்கள் வந்து ரசித்தால் திடல் பிழைக்கும், இல்லாவிட்டால் பார்க்கிங்.

கோச்சிடம் சொன்னபோது முதன்முறையாக அவர் குரல் இறங்கியது. "நமக்கு வேற எங்க சார் கோர்ட்டு கீது?"

மேட்ச் தொடங்கியது. செந்தில் பந்தைத் தட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். யாராலும் பிடுங்க முடியவில்லை; அவனும் யாருக்கும் தருவதாக இல்லை. அவனிடமிருந்து எப்படியோ நழுவிய பந்து ஸ்டெல்லாவிடம் போனது. பஸ் சீட்டைப் பிடித்ததுபோல அதைக் கட்டிக்கொண்டு அவர் நகரவே மறுத்தார். எங்கள் அணியின் மற்ற இருவரும் அவரவர் பயிற்சியை அவரவர் மூலையில் செய்துகொண்டிருந்தார்கள். நான் முழங்கையை ஒடுக்கி வைத்தபடி, வராத பந்துக்காகக் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவனைப் போலப் புன்னகையோடு நின்றேன்.

"பாஸ் பண்ணுங்கய்யா!" என்று மாடியிலிருந்து ஒரு குரல். எங்கள் செயலாளர்தான்.

கோச் தலையில் கை வைத்தார். இடைவேளையில் எங்கள் நடுவில் வந்து நின்றார். "சார், தப்பு என் மேலதான். பாஸு சொல்லியே தரல. ஒரே ஆள வெச்சிகினு பாஸு எப்பிடி சார் சொல்லித் தர்றது?"

எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றுதான் எங்கள் ஐந்து பேரையும் அவர் சேர்த்து நிற்க வைத்தார். "யாருக்கு இன்னா வரும்னு பாத்து அவங்க கையில குடுக்கறது. அம்மாந்தான்."

அம்மாந்தான் என்றால் நாங்கள் விடுவோமா? இரண்டாம் பாதி முழுக்கக் கொடுத்தோம். "நீங்க போடுங்க", "சேச்சே, நீங்க போடுங்க" என்று பந்து ஐந்து பேரையும் சுற்றி வந்தது. வளையத்தை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டோம். பால்கனிகள் நிரம்பி வழிந்தன. எதிரணிக்காரர் ஒருவர் சிரித்த சிரிப்பில் நிலைதடுமாறி என் மேலேயே விழுந்தார். நடுவர் விசில் ஊதினார். யாரும் குறுக்கே வராமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ எனக்குக் கிடைத்தது.

எறிந்தேன். விழுந்தது! நாங்கள் அன்று போட்ட ஒரே பாயிண்ட் அதுதான். எதிரணியின் கணக்கைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மேட்ச் முடிந்ததும் செயலாளர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். "இத்தனை வருசத்துல நம்ம சனம் ஒண்ணா நின்னு சிரிச்சு இன்னிக்குத்தானுங்க பாக்கறேன். காரு ரோட்டுலயே நிக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழமை யாரோடங்க மேட்சு?" என்றார். கோச்சோ, செயலாளர் நடந்து வந்த நடையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே தெரிந்துவிட்டது, அடுத்த தோசை செயலாளர் வீட்டில்தான்.

அலுவலகத்தில் எனக்கு வருடா வருடம் மதிப்பீடு போடுகிறார்கள். என் முகமாவது அவர்களுக்கு நினைவிருக்குமா, தெரியாது. அந்த ஃப்ரீ த்ரோவின்போது திடலில் இருந்த அத்தனை பேரும் பந்தைத்தான் பார்த்தார்கள். எறிந்துவிட்டுத் திரும்பியபோது நான் கண்டேன்: வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பந்து விழுந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல், கோச் ஒருவர் மட்டும் கண் கலங்க என் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.